சுவரில் ஒரு போர் விமானம்: ஒப்பமிட்ட ஓவிய அச்சுகளின் பின்னணி

போர் விமானங்களை வரைந்த ஓவியங்களின் அச்சுப் பிரதிகளைத் தேடிச் சேர்ப்பது பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் ஏறத்தாழ அரை நூற்றாண்டாக வேரூன்றிய பழக்கம். ஓவியர் ஒருவர் குறிப்பிட்ட ஒரு நாளில் நடந்த குறிப்பிட்ட ஒரு வான்போரை வரைகிறார்; பதிப்பாளர் அதை இத்தனை பிரதிகள் மட்டும் என்று வரையறுத்து அச்சிடுகிறார்; ஒவ்வொரு பிரதியின் அடியிலும் ஓவியர் பென்சிலால் ஒப்பமிடுகிறார்; பல சமயங்களில் அந்தப் போரில் பறந்த விமானியும் பக்கத்திலேயே தம் பெயரை எழுதுகிறார். செட்டிநாட்டு வீடுகளிலும் இத்தகைய படங்கள் இப்போது அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தென்படுகின்றன. பெரும்பாலும் வெளிநாட்டில் வேலை பார்க்கும் பிள்ளைகள் வாங்கி வந்தவை அவை. பார்க்க வருகிறவர்கள் இரண்டு கேள்விகளைத்தான் கேட்கிறார்கள்: இது அசலா, என்ன விலை? இரண்டுக்கும் விடை உண்டு, கீழே சொல்கிறேன். ஆனால் அவற்றுக்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி வேறு. இந்தப் படம் எந்த நாளில், எந்த வானத்தில் நடந்ததைச் சொல்கிறது, அதற்குச் சாட்சி யார் என்பதே அது. இந்த அச்சுகளின் மதிப்பு முழுவதும் அந்த விடையில்தான் தங்கியிருக்கிறது என்பது என் உறுதியான கருத்து.

அச்சுப் படம் என்றால் அசலுக்கு மாற்றாகக் கிடைத்த மலிவுப் பொருள் என்ற எண்ணம் செட்டிநாட்டுக்குப் பொருந்தாது. இந்த வட்டாரத்துப் பெரிய வீடுகளில் முற்றத்தைச் சுற்றியுள்ள வளவிலும், பெரிய கூடமான பட்டாலையிலும், தலைக்கு மேலே நன்கு உயரத்தில், சற்று முன்பக்கம் சாய்த்து மாட்டப்பட்டிருக்கும் படங்களில் பல அச்சுப் படங்களே. ராஜா ரவி வர்மா 1894இல் பம்பாயில் ஓர் அச்சகத்தைத் தொடங்கினார். சகுந்தலையின் பிறப்பைக் காட்டும் படம் அதில் முதலில் அச்சேறியது. பின்னர் அந்த அச்சகம் லோனாவ்லாவுக்கு அருகே மாறியது; அடுத்த சில ஆண்டுகளில் ஜெர்மானியத் தொழில்நுட்பர் ஒருவர் கைக்குப் போனது. அங்கே ஒவ்வொரு நிறத்துக்கும் தனித்தனிச் சுண்ணாம்புக் கல்லில் உருவம் எடுத்து, ஒரே தாளில் நிறத்தின் மேல் நிறமாக அச்சிட்டு, எண்ணெய் ஓவியத்தின் மினுமினுப்பு வருவதற்காக மேலே வார்னிஷ் பூசினார்கள். அந்த ஓலியோகிராஃப் படங்கள்தாம் லட்சுமியையும் சரஸ்வதியையும் தமயந்தியையும் நாடெங்கும் வீட்டுச் சுவர்களுக்குக் கொண்டு வந்தன. செட்டிநாட்டில் அவற்றைப் பர்மாத் தேக்குச் சட்டமிட்டு மாட்டினார்கள். சில படங்களில் தெய்வத்தின் உடைக்கும் நகைக்கும் மேலே ஜரிகையும் சமிக்கியும் வைத்துத் தைத்தார்கள். ஆயிரக்கணக்கில் அச்சான ஒரு படம், அந்தத் தையலால், அந்த ஒரு வீட்டுக்கு மட்டுமே உரியதாக ஆனது.

இன்றைக்குக் காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவின் பழம்பொருள் கடைகளில் இத்தகைய படத்தை எடுத்துப் பார்க்கும் விவரமறிந்த ஒருவர் முதலில் முகத்தைப் பார்ப்பதில்லை. அடியில் அச்சகத்தின் பெயர் இருக்கும் வரியைத் தேடுவார். பிறகு தாளின் நிறத்தையும், வார்னிஷ் விரிந்திருக்கும் விதத்தையும், படம் சட்டத்துக்குள் வெட்டப்பட்டிருக்கிறதா என்பதையும் பார்ப்பார். பிற்காலத்தில் மறு அச்சாக வந்தவை ஏராளம் என்பதால் இந்தப் பார்வை தேவையாகிறது. போர் விமான அச்சுகளைச் சோதிப்பதற்கும் வேண்டியது ஏறக்குறைய இதே கண்தான். கோவில்பட்டியிலிருந்து சி. கொண்டைய ராஜுவும் அவருடைய மாணவர்களும் வரைய, சிவகாசியில் அச்சாகி, கடைக்காரர் பெயரோடு இலவசமாக வந்த நாள்காட்டிப் படங்களுக்கு மட்டும் அந்தச் சோதனை தேவைப்படவில்லை. அவை ஆண்டு முடிந்ததும் கழற்றப்படும் என்று தெரிந்தே அச்சிடப்பட்டவை.

விமான ஓவியம் தனித் துறையாக உருவானது இரண்டாம் உலகப் போரின் விளைவு. பிரிட்டன் அரசு போர்க் காலத்தில் ஓவியர்களைப் படைகளோடு அனுப்பியது. 1911இல் பிறந்த ஃபிராங்க் வூட்டன் அவ்வாறு 1944இல் நார்மண்டிப் படையெடுப்பின்போது வான்படையோடு இருந்து வரைந்தவர். 1971இல் பிரிட்டனில் விமான ஓவியர்களுக்கான சங்கம் நிறுவப்பட்டபோது அவரே அதன் முதல் தலைவரானார். அமெரிக்காவில் 1976இல் கீத் ஃபெரிஸ், வாஷிங்டனின் தேசிய வான் மற்றும் விண்வெளி அருங்காட்சியகத்தில் 25 அடி உயரமும் 75 அடி அகலமும் கொண்ட சுவரோவியமாக பி-17 குண்டுவீச்சு விமானங்களை வரைந்தார். அங்கேயும் 1986இல் விமான ஓவியர்களுக்கு ஒரு சங்கம் அமைந்தது. இவர்களில் பலர் விமானத் தொழிற்சாலைகளிலோ வான்படைக் குடும்பங்களிலோ வளர்ந்தவர்கள். ஆகவே, இறக்கையின் எந்த இடத்தில் எந்தத் தகடு ஆணியடிக்கப்பட்டிருக்கிறது என்பது வரை சரியாக இருக்க வேண்டும் என்பது இத்துறையின் எழுதப்படாத சட்டமாயிற்று.

விற்பனை முறை மாறியது 1970களின் பிற்பகுதியில். பிரிட்டனில் ராபர்ட் டெய்லர் போன்ற ஓவியர்களின் படங்களைப் பதிப்பித்தவர்கள், ஓவியரின் ஒப்பத்தோடு நிறுத்தாமல், போரில் பறந்த விமானிகளையும் ஒப்பமிட வைத்தார்கள். போர் முடிந்து முப்பத்தைந்து ஆண்டுகள் ஆகியிருந்த நேரம் அது. அந்தப் போரில் ஸ்பிட்ஃபயர் என்ற பிரிட்டிஷ் போர் விமானத்தில் பறந்து புகழ்பெற்ற டக்ளஸ் பேடர், ஜானி ஜான்சன் போன்றவர்கள் உயிரோடு இருந்தார்கள். அவர்களைச் சிறுவயதில் செய்தித்தாள்களில் பார்த்து வளர்ந்த தலைமுறை சம்பாதிக்கும் வயதில் இருந்தது. இரண்டும் சேர்ந்த இடத்தில் ஒரு சந்தை பிறந்தது. சுவரில் மாட்டும் அலங்காரமாக இருந்த தாள், நடந்ததைத் தன் கண்ணால் கண்டவர் கைபட்ட ஆவணமாக மாறியது அப்போதுதான். எதிரெதிரே நின்று போரிட்ட இரு நாட்டு விமானிகளும் ஒரே தாளில் ஒப்பமிடும் வழக்கமும் பின்னர் வந்தது. ஜெர்மானியப் போர் விமானிகளான அடால்ஃப் கல்லாந்தும் குந்தர் ராலும் முதுமையில் இப்படிப் பல அச்சுகளில் ஒப்பமிட்டார்கள். அவர்கள் ஹிட்லரின் அரசுக்காகப் பறந்தவர்கள் என்பதை மறந்துவிட்டு அந்தப் படங்களை வாங்கலாகாது என்றே நான் நினைக்கிறேன். சாட்சியம் வேறு, புகழ்ச்சி வேறு.

ஒப்பத்துக்கு ஏன் பென்சில் என்று பலரும் கேட்பதுண்டு. பென்சிலின் கரி வெளிச்சத்தில் மங்குவதில்லை. பேனா மையில் பெரும்பாலானவை மங்கும். தாளைக் கண்ணுக்குச் சமமாகப் பிடித்துப் பக்கவாட்டு வெளிச்சத்தில் பார்த்தால், கையால் எழுதிய இடத்தில் மெல்லிய பள்ளமும் கரியின் சாம்பல் மினுக்கமும் தெரியும். அச்சிலேயே வந்துவிட்ட ஒப்பத்தில் இவை இருப்பதில்லை. வழக்கமாக வலப்புற அடியில் ஓவியரின் ஒப்பமும், இடப்புற அடியில் 127/500 என்பது போன்ற எண்ணும் இருக்கும். ஐந்நூறு பிரதிகளில் இது நூற்று இருபத்தேழாவது என்று அதற்குப் பொருள். எண் சிறியதாக இருந்தால் விலை கூடும் என்ற நம்பிக்கை பரவலாக உண்டு. செப்புத் தகட்டில் கையால் கீறி அச்சிடும் படங்களில் அதற்கு ஓரளவு காரணம் உண்டு. தகடு தேயத் தேயக் கோடு மழுங்கும் என்பதால் முதல் பிரதிகள் கூர்மையாக இருக்கும். ஓவியத்தைப் படமெடுத்து இயந்திரத்தில் அச்சிடும் ஆஃப்செட் முறையில் ஐந்நூறு பிரதிகளுக்குள் அப்படித் தேய்மானம் எதுவும் இல்லை. முதல் தாளும் கடைசித் தாளும் ஒன்றே. எண் போட்ட வரிசைக்கும் அச்சான வரிசைக்கும்கூடத் தொடர்பு இருக்க வேண்டிய கட்டாயமில்லை.

வரையறுத்த பதிப்பு என்ற சொல்லை வாங்குகிறவர் நிதானமாகப் பார்க்க வேண்டும். ஐந்நூறு என்பது பெரும்பாலும் முதல் கணக்கு மட்டுமே. அதற்கு மேல் ஓவியருக்கான பிரதிகள் என்று ஒரு தொகுதி, பதிப்பாளருக்கான பிரதிகள் என்று ஒரு தொகுதி, அடி ஓரத்தில் ஓவியரே பென்சிலால் சிறிய விமானம் ஒன்றைத் தனியாக வரைந்து தரும் பிரதிகள் என்று ஒரு தொகுதி, பிறகு அதே படம் கேன்வாஸ் துணியில் வேறு அளவில் என்று எண்ணிக்கை விரியும். ஓரத்தில் கையால் வரைந்த அந்தச் சிறு படம் உண்மையிலேயே தனித்தன்மை உடையது, அதற்குக் கூடுதல் விலை தருவதில் நியாயம் இருக்கிறது. மற்றவற்றில் மொத்தம் எத்தனை என்று எழுத்தில் கேட்டுப் பெறாமல் அரியது என்ற பேச்சை ஏற்கக் கூடாது. ஒப்பத்திலும் வேறுபாடு உண்டு. படத்தின் தாளிலேயே விமானி எழுதியிருப்பது ஒன்று. தனி அட்டையில் எழுதிய ஒப்பத்தை வெட்டி, படத்துக்குக் கீழே ஒரே சட்டத்துக்குள் பொருத்தியிருப்பது மற்றொன்று. இரண்டாவதில் அந்த விமானி இந்தப் படத்தைப் பார்த்தாரா, அது சரியென்று ஒப்பினாரா என்பதற்கு எந்தச் சான்றும் இல்லை.

இப்போது ஜெட் விமானங்களுக்கு வருவோம், ஏனெனில் ஓவியருக்கு இங்கேதான் சோதனை. உந்துவிசிறி விமானத்தில் சுழலும் விசிறியே வேகத்தைச் சொல்லிவிடும். ஜெட் விமானத்தில் வெளியே அசைவது எதுவும் இல்லை. கவனமின்றி வரைந்தால் வானத்தில் தொங்கவிட்ட பொம்மையாக நின்றுவிடும். ஆகவே ஓவியர் இயற்பியலை நாடுகிறார். விமானம் கடுமையாகத் திரும்பும்போது இறக்கையின் மேற்பரப்பில் காற்றழுத்தம் குறைந்து, குளிர்ந்து, ஈரம் வெண்புகையாகத் திரள்கிறது. கூடுதல் உந்துவிசைக்காக எஞ்சினின் பின்புறம் எரிபொருளை எரிக்கும் ஆஃப்டர்பர்னர் இயங்கும்போது வெளியேறும் சுவாலைக்குள் அடுத்தடுத்து வைர வடிவில் ஒளித்திட்டுகள் தோன்றுகின்றன. இவற்றைச் சரியான இடத்தில், சரியான அளவில் வைக்கத் தெரிந்தவர் வேகத்தைக் காட்டிவிடுகிறார். எல்லா விமானத்துக்கும் எல்லா நேரத்திலும் வெண்புகையும் நெருப்பும் வைத்து வரைகிறவர் கண்ணைக் கவர்கிறாரே தவிர நடந்ததைச் சொல்வதில்லை.

இதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. ஏவுகணை யுகத்தில் மோதும் இரண்டு விமானங்களும் ஒரே பார்வைக்குள் வருவது அரிதாகிவிட்டது. கண்ணுக்கெட்டாத தொலைவில் ராடார் திரையில் ஒரு புள்ளியாகத் தெரிவதை நோக்கி ஏவுகணை போகிறது. அதை உண்மையாக வரைந்தால் வெறும் வானம்தான் மிஞ்சும். அதனால்தான் மிகுதியாக வரையப்பட்ட ஜெட் போர்கள் கொரியா, வியட்நாம், 1965 மற்றும் 1971 இந்திய–பாகிஸ்தான் போர்கள் ஆகியவற்றைச் சுற்றியே அமைகின்றன. அவற்றில் விமானிகள் ஒருவரையொருவர் கண்ணால் பார்த்துச் சண்டையிட்டார்கள். 1967 ஜனவரி 2 அன்று வட வியட்நாமின் மேலே கர்னல் ராபின் ஓல்ட்ஸ் தலைமையில் எஃப்-4 பேண்டம் விமானங்கள், குண்டு சுமக்கும் எஃப்-105 விமானங்களைப் போலவே பறந்து போக்குக் காட்டி, ஏமாந்து எழுந்த மிக்-21 விமானங்களில் ஏழை வீழ்த்தியதாக அமெரிக்க வான்படை பதிவு செய்தது. ஓவியர்கள் விரும்பி வரையும் நாள்களில் அது ஒன்று. ஓல்ட்ஸ் 2007இல் மறைந்தார்.

நம் நாட்டு வானத்தில் அதற்கு இணையான நாள் 1971 நவம்பர் 22. கிழக்கு எல்லையில் பொய்ரா என்ற ஊரின் மேலே, இந்திய வான்படையின் 22ஆம் படைப்பிரிவைச் சேர்ந்த, நாட் எனப்படும் நான்கு சிறிய ஜெட் போர் விமானங்கள், பாகிஸ்தானின் சேபர் ஜெட் போர் விமானங்களோடு மோதின. மாஸ்ஸி, கணபதி, லாசரஸ், சோரஸ் ஆகிய நால்வர் பறந்தார்கள். 30 மில்லிமீட்டர் பீரங்கியால், மிக நெருக்கத்தில் நடந்த சண்டை அது. ஓவியத்துக்கென்றே அமைந்தது போன்ற நெருக்கம். மூன்று சேபர் விமானங்கள் வீழ்ந்ததாக அன்று இந்தியத் தரப்பு அறிவித்தது. இரண்டு விமானிகள் பாராசூட்டில் குதித்துச் சிறைப்பட்டார்கள். அவர்களுள் ஒருவரான பர்வேஸ் மெஹ்தி குரேஷி 1997இல் பாகிஸ்தான் வான்படையின் தலைமைத் தளபதியானார். மூன்றாவது சேபர் சேதமடைந்த நிலையில் டாக்காவுக்குத் திரும்பிவிட்டது என்பதே இப்போது பொதுவாக ஏற்கப்படும் கணக்கு. இந்த நிகழ்வை வரையும் ஓவியர் எத்தனை விமானங்களை எரிய விடுகிறார் என்பது வண்ணத்தைப் பற்றிய முடிவாக இராது; வரலாற்றைப் பற்றிய முடிவாகவே இருக்கும். வாங்குகிறவர் அதைப் படித்துத் தெரிந்துகொண்டு வாங்கினால், சுவரில் மாட்டிய அந்தத் தாளைப் பற்றித் தம் பிள்ளைகளிடம் அரை மணி நேரம் பேச முடியும்.

ஒப்பம் கிடைக்காத நாள்களும் உண்டு. 1971 டிசம்பர் 14 அன்று ஸ்ரீநகர் விமானதளத்தை சேபர் விமானங்கள் தாக்கிக்கொண்டிருந்தபோதே, 18ஆம் படைப்பிரிவின் நிர்மல் ஜித் சிங் சேகோன் தம் நாட் விமானத்தில் எழும்பிப் போரிட்டு உயிர்நீத்தார். இந்திய வான்படையில் பரம வீர சக்கரம் பெற்றவர் அவர் ஒருவரே. அவரை வரையும் எந்தப் படத்திலும் அவருடைய கையெழுத்து இருக்க முடியாது. அத்தகைய படத்தில் வேறு யாருடைய ஒப்பமாவது இருந்தால், அவர் அன்று ஸ்ரீநகரில் இருந்தவரா, அதே படைப்பிரிவில் வேறு காலத்தில் பணியாற்றியவரா என்பதைப் பதிப்பாளர் தெளிவாக எழுதித் தர வேண்டும். அந்த 18ஆம் படைப்பிரிவு 2020 மே 27 அன்று தேஜஸ் விமானங்களோடு நம் கோவைக்கு அருகிலுள்ள சூலூரில் மீண்டும் இயங்கத் தொடங்கியது என்பதைத் தமிழ் வாசகர்கள் அறிந்திருப்பது நல்லது. செட்டிநாட்டிலிருந்து ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் தொலைவில் உள்ள தஞ்சாவூர் தளத்திலும் 2020 ஜனவரி முதல் 222ஆம் படைப்பிரிவு சுகோய்-30 விமானங்களோடு இயங்கி வருகிறது. 1963இல் சேவைக்கு வந்த மிக்-21 விமானங்கள் 2025 செப்டம்பர் 26 அன்று சண்டிகரில் விடைபெற்றன. ஜெர்மானியப் பொறியாளர் குர்ட் டாங்க் வடிவமைத்து 1961 ஜூன் 17 அன்று பெங்களூரில் முதன்முதலாகப் பறந்த மாருத், நம் நாட்டிலேயே உருவான முதல் ஜெட் போர் விமானம். இவற்றை எல்லாம் ஸ்பிட்ஃபயருக்கு நடந்த அளவு அக்கறையோடு யாரேனும் வரைந்து பதிப்பித்து வைக்க வேண்டும் என்ற ஆசை எனக்கு நீண்ட காலமாக உண்டு. இந்தியாவிலும் விமான ஓவியர்கள் இருக்கிறார்கள். வான்படையில் பறந்தவர்களே தூரிகை எடுத்திருக்கிறார்கள். குறைவாக இருப்பது, பதிப்பையும் எண்ணிக்கையையும் ஒப்பத்தையும் ஒழுங்காகக் கணக்கு வைத்து வெளியிடும் முறைதான்.

இனி, இது அசலா என்ற கேள்வி. இந்த அச்சுகளில் பெரும்பாலானவை இரண்டு முறைகளில் ஒன்றால் ஆனவை. பழையவை ஆஃப்செட்: ஓவியத்தைப் படமெடுத்து நான்கு நிறங்களாகப் பிரித்து, நுண்புள்ளிகளாக அச்சிடுவது. பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் ஒன்றை வைத்துப் பார்த்தால், வானத்தின் நீலத்துக்குள் புள்ளிகள் சிறு பூவிதழ்களைப் போல ஒழுங்காக வட்டமிட்டு நிற்பது தெரியும். புதியவை ஜிக்ளே எனப்படும் உயர்தர இங்க்ஜெட் அச்சு. 1991 முதல் அந்தப் பெயர் வழக்கில் இருக்கிறது. அதில் புள்ளிகள் ஒழுங்கற்றுத் தூவியது போலிருக்கும். தொடக்க கால இங்க்ஜெட் அச்சுகளில் சாய மை பயன்பட்டதால் அவை சில ஆண்டுகளிலேயே நிறம் இழந்தன. இப்போது நல்ல பதிப்பாளர்கள் நிறமித் துகள் கலந்த மையையும் பருத்தி இழைத் தாளையும் பயன்படுத்துகிறார்கள். இரண்டில் எதுவானாலும் அது ஒரு மறுபதிப்பே. உலக நாடுகள் பின்பற்றும் சுங்க வகைப்பாட்டில், ஓவியர் தம் கையாலேயே தகட்டிலோ கல்லிலோ உருவாக்கி அதிலிருந்து நேரடியாக எடுத்த அச்சு மட்டுமே மூல அச்சு என்ற தலைப்பில் வரும்; இயந்திர முறையிலும் ஒளிப்பட முறையிலும் எடுத்தவை அதிலிருந்து வெளிப்படையாக விலக்கப்பட்டிருக்கின்றன. ஐந்நூறில் ஒன்று என்று எண்ணிட்டு ஒப்பமிட்டதாலேயே ஓர் ஆஃப்செட் தாள் மூல அச்சாகிவிடாது. இதைச் சொல்வதால் அதன் மதிப்பு குறைவதில்லை. மதிப்பு எங்கே இருக்கிறது என்பது தெளிவாகிறது: படத்தில் இருக்கும் மையைக் காட்டிலும் ஓரத்தில் இருக்கும் பென்சில் கோட்டில்தான் அது பெரும்பாலும் இருக்கிறது.

விலையைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். 1980களிலும் 1990களிலும் சில பதிப்புகள் வெளியான சில காலத்திலேயே விற்றுத் தீர்ந்து, மறு விற்பனையில் பல மடங்கு ஏறின. அந்த ஏற்றத்தைப் பார்த்துப் பதிப்புகள் பெருகின. அவற்றைச் சேர்த்த தலைமுறை முதுமையடைந்து, தொகுப்புகள் ஏலத்துக்கு வரத் தொடங்கியபோது, வாங்குவோரைவிட விற்போர் மிகுந்தனர். வெளியீட்டு விலைக்கும் கீழே இன்று கிடைக்கும் அச்சுகள் பல. மறைந்த பெரிய விமானிகளின் ஒப்பம் தாளிலேயே உள்ளவையும், ஓரத்தில் கைவரைவு உள்ளவையும் மட்டும் ஓரளவு நிலைத்து நிற்கின்றன. தங்கத்துக்கும் நிலத்துக்கும் மாற்றாக இதில் பணம் போடலாம் என்று யாரேனும் சொன்னால் நம்ப வேண்டாம்.

வாங்கிய பிறகு காப்பாற்றுவது தனி வேலை. செட்டிநாட்டு வீட்டின் அமைப்பு தாளுக்கு ஒரு வகையில் நன்மை செய்கிறது. வெயில் நேரே விழுவது முற்றத்தில் மட்டுமே, சுற்றியுள்ள வளவுக்குப் பட்டுத் தெறித்த வெளிச்சம்தான் வரும். ஆனால் அந்த வெளிச்சமும் காகித ஓவியத்துக்கு மிகுதி. அருங்காட்சியகங்கள் தாளில் ஆன படைப்புகளுக்கு 50 லக்ஸ் அளவையே வரம்பாக வைக்கின்றன, அது மாலை மங்கிய பின் ஒரு சிறு விளக்கின் கீழ் இருப்பது போன்ற வெளிச்சம்தான். ஒளியால் போன நிறம் திரும்பி வராது. ஒவ்வொரு நாளின் சேதமும் முந்தைய நாளோடு கூடிக்கொண்டே போகும். முகப்பிலும் முற்றத்தை ஒட்டிய தூண் வரிசையிலும் மாட்டுவதைத் தவிர்த்து, பட்டாலையின் உட்சுவரிலோ அறைக்குள்ளோ மாட்டுவது நல்லது. ஐப்பசி, கார்த்திகை மழையில் வெளிச் சுவர்கள் ஈரம் வாங்கும். சட்டத்தின் பின்புற மூலைகளில் சிறு தக்கைத் துண்டுகளை ஒட்டி, சுவருக்கும் படத்துக்கும் இடையே காற்று புக இடம் விட்டால் பழுப்புப் புள்ளிகள் வருவது வெகுவாகக் குறையும்.

பெரும்பாலான சேதம் ஃபிரேம் போடும் கடையில்தான் தொடங்குகிறது. வழக்கமாக அங்கே படத்தின் பின்புறம் முழுவதும் பசை தடவி ஹார்டுபோர்டில் ஒட்டிவிடுவார்கள், அல்லது லேமினேட் செய்து தருவார்கள்; ஓரம் அதிகமாக இருக்கிறது என்று நறுக்கிவிடுவதும் உண்டு. எண்ணும் ஒப்பமும் அந்த ஓரத்தில்தான் இருக்கின்றன. லேமினேட் செய்த படத்தைப் பிரிக்க முடியாது, ஒட்டிய படத்தை எடுத்தால் தாள் கிழியும். கடைக்காரரிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டியவை இவை: தாளை வெட்டக் கூடாது, ஒட்டக் கூடாது, அமிலமற்ற அட்டையை முன்னும் பின்னும் வைக்க வேண்டும், முன்னட்டையின் தடிமன் கண்ணாடியைத் தாளில் படாமல் விலக்கி வைக்க வேண்டும், தாளின் மேல் விளிம்பில் மட்டும் இரண்டு இடங்களில், கோதுமை மாவுப் பசையால் மெல்லிய ஜப்பானியத் தாள் துண்டை ஒட்டித் தொங்கவிட வேண்டும். புற ஊதாக் கதிரைத் தடுக்கும் கண்ணாடியோ அக்ரிலிக்கோ கிடைத்தால் கூடுதல் செலவு செய்யத் தயங்க வேண்டாம். ஆண்டுக்கு ஒரு முறை கழற்றிப் பின்புறம் பார்த்தால் இராமபாணப் பூச்சியும் கரையானும் வந்திருக்கிறதா என்று தெரிந்துவிடும். நல்ல தேக்குச் சட்டம் இருந்தாலும் பின்புற அட்டை மலிவானதாக இருந்தால் கரையானுக்கு அதுவே வாசல்.

செட்டிநாட்டுக்கு மட்டும் உரிய ஒரு காரணத்தால் இந்த ஓவிய வகையை நான் மிகுந்த அக்கறையோடு பார்க்கிறேன். சுறாமீனின் வாயும் பற்களும் மூக்கில் தீட்டப்பட்ட பி-40 விமானங்கள் ரங்கூனின் மேலே ஜப்பானிய விமானங்களை எதிர்க்கும் காட்சி, விமான ஓவியர்கள் மீண்டும் மீண்டும் வரையும் காட்சிகளில் ஒன்று. 1941 டிசம்பர் 23 அன்றும் 25 அன்றும் ஜப்பானியர் ரங்கூன்மீது குண்டு வீசினார்கள். மிங்கலாடோன் தளத்திலிருந்து அமெரிக்கத் தன்னார்வப் படையின் பி-40 விமானங்களும் பிரிட்டனின் 67ஆம் படைப்பிரிவின் பஃபலோ விமானங்களும் எழும்பின. இத்தகைய படங்களில் நகரம் பின்புலமாகத்தான் வரும். அந்தப் பின்புலத்தில்தான் மொகல் தெருவும், அங்கே வரிசையாக இருந்த நகரத்தார் (நாட்டுக்கோட்டைச் செட்டியார்) கிட்டங்கிகள் என்ற தொழில் விடுதிகளும், வட்டிக்கடை வேலைக்குப் போயிருந்த நம் ஊர்ப் பிள்ளைகளும் இருந்தார்கள். 1930களின் பொருளாதார நெருக்கடியில் கடன் திரும்பாமல் கைக்கு வந்த நிலங்களால், கீழ்ப் பர்மாவின் முக்கிய மாவட்டங்களில் பயிரிடப்பட்ட நிலத்தில் ஏறத்தாழ கால் பங்கு அப்போது நகரத்தார் பெயரில் இருந்தது. 1942 மார்ச்சில் ரங்கூன் வீழ்ந்தது. கப்பல் கிடைத்தவர்கள் கப்பலிலும், மற்றவர்கள் அரக்கான் மலைகளையும் மணிப்பூரையும் கடந்து கால்நடையாகவும் வந்தார்கள். வழியில் மடிந்தவர்கள் ஆயிரக்கணக்கானோர். அதே போரின் காலத்தில்தான் இங்கே செட்டிநாட்டிலும் ஆங்கிலேயர் ஒரு விமான ஓடுதளம் அமைத்தார்கள்; அது இப்போது பயன்பாட்டில் இல்லை. ரங்கூன் வானத்துப் படம் ஒன்றை ஒரு செட்டிநாட்டு வீட்டில் மாட்டினால், அதன் அடியில் ஒப்பமிட்ட அமெரிக்க விமானி மேலிருந்து பார்த்ததற்கு மறுபாதி அந்த வீட்டுப் பெட்டகத்திலேயே கடிதமாகவோ கணக்குப் பேரேடாகவோ இருக்கக்கூடும். அந்த இரண்டையும் அருகருகே வைத்துப் படிக்கும் வாய்ப்பு உலகில் வேறு எந்தச் சேகரிப்பாளருக்கும் எளிதில் கிடைப்பதில்லை.

பொருளுக்குப் பட்டியல் எழுதுவது இந்த வட்டாரத்தின் பழைய ஒழுக்கம். கல்யாணத்தில் கொடுத்த சாமான்களைக் கரண்டி வரை எழுதி வைத்தவர்கள், பாத்திரத்தில் குடும்பத்தின் விலாச எழுத்துகளை வெட்டி வைத்தவர்கள் நம் முன்னோர். அதே ஒழுங்கை இந்தத் தாள்களுக்கும் தரலாம். ஓவியர் பெயர், பதிப்பாளர், வெளியான ஆண்டு, பிரதியின் எண், எல்லாத் தொகுதிகளையும் சேர்த்த மொத்த எண்ணிக்கை, யாரிடமிருந்து எப்போது வாங்கியது, எப்போது எந்தப் பொருள்களால் சட்டமிடப்பட்டது ஆகியவற்றை ஒரு நோட்டில் எழுதி, ரசீதையும் சான்றிதழையும் சட்டத்தின் பின்னால் ஒட்டாமல் தனியாக அமிலமற்ற உறையில் வைக்க வேண்டும். ஒப்பமிட்டவர் ஒவ்வொருவரும் படத்திலுள்ள நிகழ்வில் பறந்தவரா, பின்னர் அதே படைப்பிரிவில் சேர்ந்தவரா என்பதையும் அதில் குறிக்க வேண்டும். 1971இல் இருபத்தைந்து வயதில் பறந்தவர் இன்று எண்பதை எட்டியிருப்பார். அத்தகைய ஒருவரிடம் ஒப்பம் வாங்கும் வாய்ப்பு கிடைத்தால், அதோடு நிற்காமல், அன்று அவர் எந்த விமானத்தில் எந்தத் திசையில் பறந்தார், ஓவியத்தில் எது சரி, எது சரியில்லை என்று அவர் கையாலேயே ஒரு பக்கம் எழுதித் தேதியிட்டுத் தரும்படி கேட்டு வாங்கி, அதையும் அந்த உறைக்குள் சேர்க்க வேண்டும்.